"வீட்டில் சொல்லாதே" என்று சொன்னாலே அவர் அதிகாரி இல்லை

கேள்வி: ஐயா, என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 71. அம்மாவும் அவரும் கும்பகோணத்தில் இருக்கிறார்கள், நான் கோவையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மும்பை போலீஸ் என்று ஒருவர் அப்பாவுக்கு வீடியோ காலில் பேசியிருக்கிறார். உங்கள் ஆதாரை வைத்துக் கணக்கு தொடங்கிப் பணமோசடி செய்திருக்கிறார்கள், உங்களை டிஜிட்டல் அரஸ்ட் செய்திருக்கிறோம், வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி இரண்டு நாள் போனை அணைக்கவே விடவில்லை. விசாரணை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று நம்ப வைத்து, எஃப்டியை முறித்து 9.5 லட்சம் அனுப்ப வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் அம்மாவுக்கே தெரியும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிட்டோம். இப்போதும் வேறு வேறு எண்களிலிருந்து வாரண்ட் வந்துவிட்டது என்று மிரட்டுகிறார்கள். இதற்கிடையே ஒரு வக்கீல் தானாகவே கூப்பிட்டு, 25,000 கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்கிறார். அண்ணன் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருக்கிறான். அப்பா யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. வழக்கு உண்மையாக இருக்குமோ என்று அவருக்கு இன்னமும் பயம். பணம் கிடைக்குமா? இனி இப்படி வந்தால் உண்மையா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் காட்டிய வழக்கு, வாரண்ட், முத்திரை எல்லாமே பொய். டிஜிட்டல் அரஸ்ட், அதாவது வீடியோ காலிலேயே கைது, என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று மனதின் குரல் வானொலி உரையில் பிரதமரே இதை நாட்டுக்குச் சொன்னார். அப்பாவிடம் இதை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள், பணம் பற்றிய பேச்சுக்கு முன்னால் அவருக்குத் தேவைப்படுவது இந்த ஒரு வரிதான்.

அடுத்தது அந்த 25,000. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அப்பா பணத்தை இழந்தது உங்கள் வீட்டுக்கும் வங்கிக்கும் காவல்துறைக்கும் தெரியும், பறித்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் தேடிப் போகாமலே வந்த இந்த வக்கீலுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு, மீட்டுத் தருகிறேன் என்று இரண்டாவது முறை பறிப்பது இந்தத் தொழிலில் வழக்கமான அடுத்த கட்டம். என்னிடம் வந்தவர்களில் முதல் முறை நாலு லட்சம் போய், மீட்கிறேன் என்று வந்தவனிடம் நகையை அடகு வைத்து இன்னும் ஒரு லட்சம் கொடுத்தவர்கள் உண்டு. எந்த வக்கீலுக்கும் ஃபீஸ் கொடுப்பதற்கு முன் அவருடைய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வசதி இல்லாவிட்டால் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மிரட்டல் செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டாம், திட்டியும் எழுத வேண்டாம். ஆனால் பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அவமானத்தில் அப்பா அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடக்கூடும், அதுதான் நமக்குச் சாட்சி. அந்த எண்களைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் செய்யலாம். அதே தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்துவிடலாம். அவருக்குத் தெரியாத எண் ஏதாவது இருந்தால் அங்கேயே முடக்கக் கேட்கலாம், இல்லையென்றால் அவர் மனசில் இருக்கும் பாதிச் சந்தேகம் அதோடு தீரும்.

சரி, பணம். இதில் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். 1930-க்கு அழைத்தவுடன் நடப்பது என்னவென்றால், அப்பாவின் வங்கிக்குத் தகவல் போகும், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குப் போகும், அங்கே மிச்சம் இருப்பதை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து நாலு கணக்குக்குப் பிரிந்து போயிருந்தால் அந்த நாலையும் துரத்த வேண்டும். அந்தக் கணக்குகளெல்லாம் பெரும்பாலும் வாடகைக்கு விட்டவை. கல்லூரிப் பையன்களும் தினக்கூலிக்காரர்களும் சில ஆயிரங்களுக்காகத் தங்கள் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்துவிடுவார்கள், பிறகு போலீஸ் முதலில் வந்து நிற்பது அவர்கள் வீட்டு வாசலில்தான். பணம் கணக்கு மாறிக்கொண்டே போய்க் கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ ஆகிவிட்டால் அதன் பிறகு பிடிப்பது கடினம். அதனால்தான் மணிக்கணக்கு முக்கியம் என்கிறோம். நீங்கள் மூன்றாம் நாள் அழைத்திருக்கிறீர்கள். தாமதம்தான், ஆனாலும் முழுவதும் கைவிட வேண்டிய நிலை இல்லை. சில கணக்குகளில் ஒரு பகுதி அப்படியே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புகார் எண் வாங்கியதோடு நிற்காதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, தஞ்சாவூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கொடுத்து எஃப்ஐஆர் போடச் சொல்லிக் கேளுங்கள். வங்கியில் ஆர்டிஜிஎஸ் செய்த ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் யுடிஆர் என்ற அடையாள எண் இருக்கும், அதையும் பணம் போன கணக்கு எண்ணையும் கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். எங்கே எவ்வளவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை விடுவிக்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457-ஆவது பிரிவு என்பார்கள், இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503. வங்கியே ஈடு கட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது கணக்குக்காரருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது, அப்பா தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதால் இங்கே சுலபமாகப் பொருந்தாது.

இனி, உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவைப் போல மரியாதையாக வாழ்ந்தவர்களுக்கு போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்றே தெரியாது. வாழ்நாளில் ஒருமுறைகூட ஸ்டேஷன் படி ஏறாதவர் வீடியோவில் காக்கிச் சட்டையும் பின்னால் ஒரு கொடியும் பார்த்தால், இதுதான் நடைமுறை போலிருக்கிறது என்று நினைப்பது இயற்கை. அவர்கள் தேடுவதும் அப்படிப்பட்டவர்களைத்தான்.

உண்மையான கைதில் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கைது செய்யும் அதிகாரி அந்த ஆளைத் தொட்டோ பிடித்தோதான் கைது செய்ய வேண்டும், அல்லது அவர் தானாகச் சரணடைய வேண்டும், அது நான் மேலே சொன்ன சன்ஹிதாவின் 43-ஆவது பிரிவு. அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, அதில் குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், இது 36. கைதானவர் எங்கே இருக்கிறார் என்று உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், இது 48. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைது செய்யாமல் விசாரணைக்கு மட்டும் கூப்பிடுவதானால் 35-ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும், அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள். ஒருவரைப் பிடித்தால் வீட்டாருக்குச் சொல் என்று சட்டம் போலீஸுக்குக் கட்டளை போடுகிறது. வீட்டாருக்குச் சொல்லாதே என்று இவர்கள் அப்பாவுக்குக் கட்டளை போட்டார்கள். தேசிய ரகசியம், ரகசியக் காப்புச் சட்டம், சொன்னால் மனைவியையும் கைது செய்வோம் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் கடைசியில் கேட்பது இந்த ஒன்றைத்தான். பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவிடம் அப்பா ஒரு வார்த்தை பேசியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் நாடகம் இது, அதனால்தான் பேசவிடவில்லை. அடுத்த முறை எந்தத் துறையின் பெயரில் வந்தாலும் சரி, சிபிஐயோ அமலாக்கத் துறையோ சுங்கத் துறையோ, வீட்டில் சொல்லாதே என்ற சொல் வந்த நொடியில் போனை வைத்துவிடலாம். போனை வைப்பது குற்றமே இல்லை. உண்மையான அதிகாரியாக இருந்தால் அவருக்கு வாசல் தெரியும், தபால் தெரியும், உள்ளூர் காவல் நிலையம் தெரியும். மனசு கேட்காவிட்டால், யாரையாவது கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு நேரில் போய், இப்படி ஒரு அழைப்பு வந்தது, உண்மையா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விசாரணைக்காகப் பணத்தை இந்தக் கணக்கில் போடு, சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம் என்று எந்த அரசுத் துறையும் கேட்பதில்லை. குற்றப் பணம் என்று சந்தேகம் வந்தால் அரசு கணக்கை முடக்கும், வங்கிக்குக் கடிதம் போகும், உங்கள் பணம் உங்கள் கணக்கிலேயேதான் இருக்கும். ரிசர்வ் வங்கி தனி மனிதர்களின் பணத்தை வாங்கி வைத்துச் சரிபார்ப்பதில்லை. அவர்கள் சொல்லும் ரகசியக் கண்காணிப்புக் கணக்கு என்பது யாரோ ஒரு பையன் வாடகைக்கு விட்ட சேமிப்புக் கணக்குதான்.

நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்றை நானே ஊகிக்கிறேன், ஏனென்றால் என்னிடம் வந்த பலர் இதையே சொன்னார்கள். அப்பா வங்கிக்குப் போனபோது போன் சட்டைப் பையில் இருந்திருக்கும், கால் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். கவுண்டரில் இருந்தவர், எஃப்டியை ஏன் சார் முறிக்கிறீர்கள், வட்டி குறையுமே என்று கேட்டிருப்பார். மகளுக்கு வீடு வாங்க என்றோ மருத்துவச் செலவு என்றோ அப்பா சொல்லியிருப்பார், அந்தப் பதிலை அவர்களே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் அந்த இடத்தைச் சொல்லும்போதுதான் அழுதார். பணம் போனதற்கு அழவில்லை, இருபது வருஷமாகத் தெரிந்த வங்கிக்காரப் பெண்ணிடம் பொய் சொன்னேனே என்று அழுதார். வீட்டில் போனைப் பூஜை அலமாரியில் பஞ்சபாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்து, பாத்ரூம் போவதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். சமையலறையில் அவர் மனைவி தோசை வார்த்துக்கொண்டு, வந்து சாப்பிடுங்கள் என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு வழி இருக்கிறது, எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மோசடிக்காரர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் வாயால் சொல்ல முடியாது, ஆனால் கையால் எழுதலாம். வங்கிச் சலானின் பின்பக்கம் "போலீஸ் என்று போனில் மிரட்டுகிறார்கள்" என்று ஒரு வரி எழுதி நீட்டினால் போதும், மீதியை வங்கிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் என்றால் பால் கணக்கு நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டலாம்.

வேஷம் மாறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அதிகாரியை அழையுங்கள் என்று குறுஞ்செய்தி வரும். போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வரும், அதைத் தொட்டு நிறுவிவிட்டால் போனில் வரும் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்று புதுப்பிக்கிறோம் என்று வரும், அப்பாவுக்கு இது கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரித் துறையிலிருந்து என்று கடிதம் வந்தால் அதில் இருக்கும் ஆவண அடையாள எண்ணைத் துறையின் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அமலாக்கத் துறை சம்மனிலும் இப்போது க்யூஆர் குறியீடு இருக்கிறது. ஆனால் வந்த செய்தியில் இருக்கும் லிங்க்கை அழுத்திச் சரிபார்க்காதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். அரசுத் தளம் என்றால் முகவரி கவ் டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடியும். ஆதார் எண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். நாம் ஜெராக்ஸ் கொடுக்காத இடம் ஏது? எண் தெரிந்திருப்பது அதிகாரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. வேண்டுமானால் ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவை ஆதார் வழங்கும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்தில் பூட்டி வைத்துவிடலாம்.

இப்போது உங்கள் அண்ணனுக்கு. தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, 9.5 லட்சம் ஒரு ஆசிரியர் ஆயுளில் சேர்த்தது. ஆனால் நீங்கள் திட்டத் திட்ட, இனிமேல் எது நடந்தாலும் மகனிடம் சொல்லக் கூடாது என்றுதான் அப்பா முடிவு செய்வார். அந்தக் கும்பல் இரண்டு நாள் கஷ்டப்பட்டு அவரிடம் எதை உண்டாக்கினார்களோ அதையே நீங்கள் வீட்டுக்குள் நிரந்தரமாக்குகிறீர்கள். படித்தவர் இப்படியா ஏமாறுவார் என்று கேட்காதீர்கள். 2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம் ஆன்லைனில் பொய்யான உச்சநீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டி, தலைமை நீதிபதி என்று ஒருவரைப் பேசவைத்து 7 கோடி பறித்தார்கள். அவ்வளவு பெரிய தொழிலதிபர், 82 வயது, சுற்றி வக்கீல்களும் கணக்காளர்களும் உள்ளவர். அவர் மறைக்காமல் வெளியே சொன்னார், புகார் கொடுத்தார், அதில் 5 கோடிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. 2024-இன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் டிஜிட்டல் அரஸ்ட் என்ற பெயரில் 120 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. எத்தனை வீடுகளில் எத்தனை அப்பாக்கள் என்று நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் ஒரு தொழிற்சாலைதான். கம்போடியாவிலும் மியான்மரிலும் கட்டடம் கட்டடமாக ஆட்களை உட்காரவைத்து, எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசவைக்கிறார்கள், டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப் போய் அங்கே மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பையன்களையே 2022-இல் மியான்மரிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். அப்பா தனி ஆளாக அவ்வளவு பேரை எதிர்த்து உட்கார்ந்திருந்தார், இரண்டு நாள் தூக்கமில்லாமல்.

சகோதரி, நீங்கள் இந்த வாரம் ஊருக்குப் போக முடியுமானால் போங்கள். சாப்பாடும் தூக்கமும் இப்படியே இருந்தாலோ, வாழ்ந்து என்ன என்ற பேச்சு வந்தாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். கணக்கு விஷயத்தில் அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பெரிய தொகை எடுக்க அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது போல மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள், ஆன்லைன் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைக்கலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்துச் செய்தால் நிலைக்கும்.

கடைசியாக அந்தப் புகார் மனு. அதை நீங்களோ அண்ணனோ எழுத வேண்டாம், அப்பாவே எழுதட்டும். 2025-இல் ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு வயதான தம்பதியிடம் பொய்யான உச்சநீதிமன்ற உத்தரவைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். அந்த 73 வயது அம்மா தலைமை நீதிபதிக்கே கடிதம் எழுதினார், அதை வைத்து உச்சநீதிமன்றம் தானாக வழக்கு எடுத்து, டிசம்பரில் நாடு முழுவதும் இந்த வழக்குகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. அப்பாவுக்கு எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை, தலைமையாசிரியர். எத்தனை மணிக்கு முதல் அழைப்பு, என்ன பெயர் சொன்னான், எந்த எண், தமிழா ஹிந்தியா ஆங்கிலமா, வங்கியில் என்ன சொல்லச் சொன்னான், எப்போது அனுப்பினார் என்று நேரம் போட்டு வரிசையாக எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டு இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு அவரோடு போக வேண்டியது உங்கள் அண்ணன்.